சர்க்கரை போட்ட சதி

"தலைவி, அந்தச் சிறுத்தைப்புள்ளி ஸ்கார்ஃப் போட்ட அம்மாதான். என் மீசை மேல சத்தியம்."

"உனக்கு மீசையே இல்லையே, நக்லே."

"வளர்த்தா வரும். வரப்போற மீசை மேல சத்தியம்."

பஸ் பெய்ரூட்டின் தவ்ரா ரவுண்டானாவை விட்டு வடக்கே கடலோரச் சாலையைப் பிடித்தது. துப்பறியும் தொழில் செய்யும் யும்னா ஷல்ஹூப் அந்த ஸ்கார்ஃபை இன்னொரு முறை பார்த்தாள். அவள் எதையும் வரிசைப்படி யோசிப்பவள். யோசித்து முடித்ததும் அந்த வரிசையே தப்போ என்று சந்தேகப்படுகிறவள். நக்லே நேர் எதிர். அவனுக்கு முதலில் முடிவு வரும், காரணம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். அவளிடம் உதவியாளாகச் சேர்வதற்கு முன்பு பெய்ரூட்டில் ஷேர் டாக்சி ஓட்டியவன். ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவார் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுவான். பலரைத் தப்பான இடத்தில் இறக்கிவிட்டதும் அதனால்தான்.

நான்கு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார் அவர்கள் பின்தொடரும் ஆள். ஊரார் மூத்த மகன் நஸ்ரியின் பெயரைச் சேர்த்து அபூ நஸ்ரி என்று கூப்பிடும் பெரியவர். மடிப்புக் கலையாத சாம்பல் நிறக் கோட்டு, பஸ் முழுக்க மணக்கும் கொலோன். மனைவி இறந்து சில வருடங்கள் ஆன மனிதர் பழைய ஊர்களைச் சுற்றிப் பார்க்க இப்படி அலங்காரம் செய்துகொள்ள வேண்டியதில்லை. அதோடு அடிக்கடி கோட்டின் உள்பாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உள்ள மோதிரம் இருக்கு," என்றான் நக்லே, எள்ளு ரொட்டியை மென்றபடி.

"தெரியும்."

முந்தின நாள் அவருடைய மகள் ஹியாம் யும்னாவின் அலுவலகத்தில் உட்கார்ந்து கொதித்தது இந்த மோதிரத்துக்காகத்தான்.

"எங்கம்மாவோட மோதிரம் மதாம், நீலக் கல்லு வச்சது. எனக்குச் சேர வேண்டியது. என் விரல் மூட்டைத் தாண்டாததால அப்பா அலமாரியிலயே கிடந்துச்சு. இப்ப காணோம். அப்பா சனிக்கிழமை தவறாம கடலோர ஊர் சுத்தற பஸ்ல போறார். எவளோ ஒருத்தி வளைச்சுப் போட்டிருக்கா. யாருன்னு கண்டுபிடிங்க. மோதிரம் அவ கைக்குப் போறதுக்கு முன்னாடி பிடிங்க. மான்ட்ரியல்ல என் தம்பி நஸ்ரி எல்லாம் தயாரா வச்சிருக்கான். பொம்பளை விவகாரம்னு உறுதியானா திங்கக்கிழமை அப்பாவை விமானத்துல ஏத்திடுவோம்."

பெரியவரைப் பனியில் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள் என்பது யும்னாவுக்குப் பிடிக்கவில்லை. காப்பி போடட்டுமா என்று கேட்டாள்.

"சர்க்கரை இல்லாம. எங்க வீட்டுல அப்பாவும் சரி, நானும் சரி, கசப்புதான். சர்க்கரை போட்ட காப்பி தொட்டில் பிள்ளைங்களுக்குன்னு அப்பா சொல்லுவார். என் மாமியார் உம் மிலாத் வந்தா மட்டும்தான் காப்பியைப் பாகா காய்ச்சணும். பூ வாசனை வேற. நாலு நாளைக்கு என் காப்பி காய்ச்சற ரக்வேயை விட்டுப் போகாது அந்த வாசனை! சனிக்கிழமை ஹரிசா மாதா கோயிலுக்குப் போய்த் தொலையறாங்களோ, நான் ஒரு நாளாவது நிம்மதியா காப்பி குடிக்கறேனோ…"

மறுநாள் சாயங்காலம் போன் செய்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்தச் சாயங்காலம் இன்றைக்கு.

பஸ்ஸின் முன்னால் வழிகாட்டி ஹிராயர் சிவப்புக் குடையைத் தூக்கி மைக்கைத் தட்டினான்.

"அன்பர்களே! இடது பக்கம் கடல், வலது பக்கம் மலை. திரும்பி வரும்போது மட்டும் ரெண்டும் இடம் மாறும், பயப்படாதீங்க. நம்ம முதல் ஊர் ஜுபைல். உலகத்துல எழுத்து பிறந்த இடம்னு நாங்க சொல்லிக்கறோம். ஆனாலும் பாருங்க, எங்க கம்பெனி போர்டுல ரெண்டு எழுத்து தப்பு."

ஜூனியே வளைகுடா வந்தது. வலது பக்க மலையுச்சியில் ஹரிசா மாதாவின் வெள்ளைச் சிலை மேகத்துக்குள் இருந்து எட்டிப் பார்த்தது. பஸ்ஸில் பாதிப்பேர் பேச்சை நிறுத்தாமலே சிலுவை போட்டுக்கொண்டார்கள். நக்லே ரொட்டியோடு போட்டுக்கொண்டதில் எள்ளு சிதறியது. முன்வரிசையில் வலது ஜன்னலோரம் கருநீல உடையில் ஒரு அம்மாள், மணிக்கட்டில் ஜெபமாலை சுற்றியிருந்தாள். அவள் மட்டும் சட்டென்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

"வெயில் போல," என்றான் நக்லே.

யும்னா வானத்தைப் பார்த்தாள். மூட்டமாக இருந்தது. அவள் அதை மனதின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். இப்படி ஒதுக்கி வைத்ததில் முக்கால்வாசி எதற்கும் பயன்பட்டதில்லை.

ஜுபைலில் சிறுத்தைப்புள்ளி அம்மாள் வேலையைக் காட்டினாள். பழைய கடைத்தெருவில் கல்லில் உறைந்த ஆதிகால மீன்களை விற்கும் கடைக்கு முன்னால் அபூ நஸ்ரியின் கையைப் பிடித்துக்கொண்டவள், கோட்டை வாசல்வரை விடவில்லை. கறுப்புக் கண்ணாடி, சிவப்பு நகம், காதோடு காதாகப் பேச்சு.

"பாருங்க தலைவி, பிடியை! என் மாமா கழுதையைச் சந்தைக்குக் கூட்டிப்போறப்ப இப்படித்தான் பிடிப்பார்."

"ஆனா அவர் கண்ணு எங்கயோ இருக்கே."

"கழுதைக்கும் அப்படித்தான் இருக்கும்."

கோட்டையிலிருந்து இறங்கியதும் துறைமுகத்து ஓரம் காப்பிக்கு நிறுத்தினார்கள். அபூ நஸ்ரி கடைக்காரரிடம் குனிந்து மெதுவாகச் சொன்னது அடுத்து நின்ற யும்னாவின் காதில் விழுந்தது.

"ஒரு ரக்வே. நல்லா இனிப்பா."

யும்னா திரும்பிப் பார்த்தாள். இனிப்பா? சர்க்கரை தொட்டில் பிள்ளைகளுக்கு என்று சொல்கிற மனிதர்! மனம் மாறினால்கூட வெறும் காப்பியை வாங்கிப் பிறகு சர்க்கரை கலக்க முடியாது. கரண்டி விட்டுக் கலக்கினால் அடியில் படிந்த மண்டி எழுந்து வாய் முழுக்கத் தூளாகிவிடும். சர்க்கரை ரக்வேயிலேயே காப்பியோடு கொதிக்க வேண்டும். ஆகவே ஒரு ரக்வேயில் குடிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே இனிப்பு. நாக்கு ஒத்துப் போகாதவர்கள் தனித்தனிப் பாத்திரம் வைக்க வேண்டியதுதான்.

"இவர் வேற யாரோ ஒருத்தரோட நாக்குக்கு வாங்கறார்," என்றாள்.

"அதான் சொன்னேனே, சிறுத்தை!"

"சிறுத்தை எலுமிச்சைச் சாறு குடிக்குது. அங்க பார்."

பெரியவர் தமக்குக் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார். மருந்து குடித்த முகம். மீதி ரக்வேயையும் இன்னொரு கோப்பையையும் கடலோரச் சுவரின் மேல் வைத்துவிட்டு எழுந்து நடந்தார். சிறுத்தை தொடர்ந்தது. சிறுத்தையை இவர்கள் இருவரும் தொடர்ந்தார்கள். படகுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது சுவரின் மேல் ரக்வே காலி.

"பூனை," என்றான் நக்லே. துறைமுகத்தில் பூனைக்குப் பஞ்சமில்லை.

யும்னா சாஸரைக் காட்டினாள். கோப்பை அதில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மண்டி வழிந்து காய்ந்ததும் யாராவது எடுத்துக் குறி பார்த்துச் சொல்வார்கள் என்று காத்திருக்கும் கோப்பை.

"ஜுபைல் பூனைங்களுக்குக் குறி பாக்கற பழக்கமும் உண்டா?"

நக்லே பூனைகளைச் சந்தேகத்தோடு பார்த்தான்.

பத்ரூனில் யும்னா வேலையைப் பிரித்தாள். அவன் சிறுத்தையைப் பார்க்க வேண்டும், அவள் ரக்வேயை. கடலுக்குள் ஓடும் அந்தப் பழைய கற்சுவரின் மேல் ஹிராயர் குடையோடு ஏறி நின்று, "இதைக் கட்டினவங்க இன்னும் பில் அனுப்பல, அதனால இடிக்காம வச்சிருக்கோம்," என்று பேசிக்கொண்டிருந்தான். பெரியவர் அதே மாதிரி இனிப்பாக வாங்கினார், கொஞ்சம் குடித்தார், ஒரு கல்வீட்டு ஜன்னல் விளிம்பில் மீதியை வைத்தார். யும்னா எதிரே இருந்த தேவாலயத் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றாள். சரியாக அந்த நேரத்தில்தான் ஒரு கல்யாண ஊர்வலம் மேளத்தோடு குறுக்கே புகுந்தது. அரிசியும் பூவிதழும் அவள் தலையில் கொட்டின. யாரோ ஒரு அத்தை அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். ஊர்வலம் கடந்தபோது ரக்வே காலி, கோப்பை கவிழ்ந்திருந்தது.

'தூணுக்குப் பதில் ஜன்னலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கலாம். வேறு யாராவது என்றால் உட்கார்ந்திருப்பார்கள்,' என்று தன்னைத்தானே வைதுகொண்டு ரக்வேயை எடுத்து முகர்ந்தாள். காப்பி, ஏலம், அதற்கு மேலே மெல்ல வேறொன்று. ஆரஞ்சுப்பூத் தண்ணீர், வாசனைக்காகச் சிலர் காப்பியில் விடுவது.

அப்போது நக்லே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"தலைவி, அந்தம்மா திருடி இல்ல."

"பின்ன?"

"அதைவிட ஆபத்து. அராக்ஸின்னு பேரு. நம்ம வழிகாட்டி ஹிராயரோட அம்மா! பையனுக்குப் பொண்ணு தேடி ஒவ்வொரு பயணத்துலயும் வேஷம் போட்டு வருதாம். யார் வீட்டுல கல்யாணம் ஆகாத பொண்ணு இருக்குன்னு பெருசுங்க கையைப் பிடிச்சுக் கேக்குது. அர்மீனியப் பொண்ணுதான் வேணும்னு பத்து வருஷம் பாத்துச்சாம். இப்ப யாரா இருந்தாலும் சரியாம். என் கையையும் பிடிச்சுது. உங்களைப் பத்திக் கேட்டுது."

"என்னைப் பத்தியா?"

"வயசு, குணம், சமையல், பல்லு."

"நீ என்ன சொன்ன?"

"பல்லு நல்லா இருக்கும்னேன். மத்ததுக்கெல்லாம் கடலைப் பாத்தேன். ஜாக்கிரதை தலைவி, நீங்க இந்த பஸ்ல துப்பறிய ஏறினீங்க, மாமியாரோட இறங்கப் போறீங்க."

யும்னா சிரிக்கப் போனவள் பாதியில் நின்றாள். கையிலிருந்த ரக்வேயைப் பார்த்தாள், மறுபடி முகர்ந்தாள்.

"என்ன சொன்ன?"

"பல்லு நல்லா…"

"அதுக்கு அப்புறம்."

"மாமியார்."

பாகு, பூ வாசனை, சனிக்கிழமை. அப்புறம் காலையில் மனதின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த ஒரு ஜன்னல் திரை. நான்கையும் வரிசையில் வைத்தாள். உடனே வழக்கம்போல் சந்தேகம் வந்தது: இருக்க முடியாது, இப்படியெல்லாம் நடக்காது, நடந்தால் பெய்ரூட் தாங்காது.

"யாருன்னு சொல்லுங்க தலைவி, தலை வெடிக்குது."

"சொன்னா நீ கத்துவ. அன்ஃபே வரைக்கும் பொறு."

அன்ஃபேயில் நீலக் கதவு வைத்த வெள்ளை வீடுகளுக்குக் கீழே, அலை தொடும் மேடையில் மேசைகள் போட்டிருந்தார்கள். பழைய உப்புப் பாத்திகளில் வானம் கிடந்தது. மேகம் கலைந்து வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசி நிறுத்தம். அபூ நஸ்ரி ஒரு மேசையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். அவருக்கு முதுகைக் காட்டி, அடுத்த மேசையில் கருநீல உடை அம்மாள் மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. இரண்டு பேரும் முன்பின் பார்த்தறியாதவர்கள். பார்த்தவர்கள் அப்படித்தான் சத்தியம் செய்வார்கள்.

ரக்வே வந்தது. பெரியவர் உள்பாக்கெட்டில் கைவிட்டு எதையோ உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இரண்டு கோப்பையில் ஊற்றினார். பிறகு தலையைத் திருப்பாமல், ஒரு கோப்பையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். அவளும் திரும்பாமல் கையைப் பின்னால் விட்டு வாங்கிக்கொண்டாள். எத்தனையோ சனிக்கிழமை பழகிய கை.

"ஐயையோ," என்றான் நக்லே. "அந்த ஜெபமாலையா?"

"கத்தாதே."

அந்த அம்மாள் நிதானமாகக் குடித்தாள். கடைசி வாயை மிச்சம் வைத்துக் கோப்பையைச் சாஸரில் கவிழ்த்தாள். காற்றைப் பார்த்துக் கேட்டாள்:

"இங்க யாருக்காவது கோப்பை படிக்கத் தெரியுமா?"

நாலு மேசை தள்ளி அராக்ஸி கை தூக்கினாள். அதற்குள் பெரியவர் தொண்டையைச் செருமினார். "எனக்குக் கொஞ்சம் வரும்."

யும்னா எழுந்தாள். அமைதியாகப் போய்ப் பேசிவிடலாம் என்று வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். நக்லே வரிசைக்குக் காத்திருக்கவில்லை. ஒரே தாவு.

"யாரும் நகராதீங்க! மோதிரம் உள்ளதான் இருக்கு!"

கோப்பையைத் தூக்கிவிட்டான். மேடை முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. அடுத்தவர் கவிழ்த்த கோப்பையைக் குறி பார்க்கிறவரைத் தவிர யாரும் தொடுவதில்லை. எதிரி வீட்டில்கூடத் தொடுவதில்லை.

"அட பாவி, என் அதிர்ஷ்டத்துல கை வச்சுட்டியே!" என்று அந்த அம்மாள் அலறினாள்.

கறுப்பு மண்டிக்கு நடுவே ஒரு மோதிரம். நக்லே வெற்றியோடு அதை எடுத்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்க அவன் முகம் சுருங்கியது. அது வெறும் தங்க வளையம். நீலக் கல் இல்லை.

"தலைவி… இது வேற மோதிரம்."

"தெரியுது. வை." யும்னா அந்த அம்மாளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஹரிசாவுல இன்னைக்குக் கூட்டம் அதிகமா, உம் மிலாத்?"

ஜெபமாலை மேசையில் விழுந்தது.

"மகளே, நீ யாரு?"

"உங்க மருமகள் ஹியாம் அனுப்பின ஆள். காலையில எல்லாரும் மாதாவைப் பாத்துச் சிலுவை போட்டப்ப, ஜெபமாலை கட்டின நீங்க மட்டும் திரையை மூடினீங்க. மாதா கோயிலுக்குப் போறேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு, கோயில் மலையடிவாரம் வழியாவே பஸ்ல போனா முகத்தைப் பாக்க யாருக்கும் கூச்சமாத்தான் இருக்கும்."

உம் மிலாத் முக்காட்டால் வாயை மூடினாள். நக்லே எண்ணிப் பார்த்துக் கொண்டிருந்தான்: ஹியாமுடைய அப்பா, அதே ஹியாமுடைய மாமியார். அவன் வாய் மெல்லத் திறந்தது, மூட மறந்துவிட்டது.

"இவர் கேட்டு ஆறு மாசமாச்சு," என்றாள் அவள். "மருமக சம்மதிச்சாத்தான் முடியும்னு சொல்லிட்டேன்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"பைத்தியமா? அவகிட்ட நேரா பேச மாதாவே பயப்படுவா."

"ஏன் பெரியவரே, மோதிரத்தை அவங்க முழுங்கியிருந்தா?" என்று கேட்டான் நக்லே.

"கடைசி வாயைக் குடிக்க மாட்டா. எனக்குத் தெரியும்." அபூ நஸ்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்பாக்கெட்டில் கைவிட்டு ஒரு சின்ன வெல்வெட் பையை எடுத்து மேசையில் வைத்தார். "நீங்க தேடறது இதானே? நான் இதை யாருக்கும் கொடுக்கல. இவளுக்கு வாங்கினது அந்தச் சாதா வளையம்தான்."

பையில் நீலக் கல் மோதிரம். யும்னா தன் விரலில் போட்டுப் பார்த்தாள். வழுக்கி ஓடியது.

"பெருசாக்கியிருக்கீங்க."

"என் மக விரலுக்கு. அவளுக்கு மூட்டு பெருசு, அவங்கம்மா மாதிரி இல்ல. அவ கையில இதைப் போட்டுவிட்டுட்டு அப்புறம் விஷயத்தைச் சொல்லலாம்னு இருந்தேன். திரும்பற வழியில அவ வீட்டுல இறங்கலாம்னு வாரா வாரம் பாக்கெட்டுல எடுத்துட்டு வர்றேன். தைரியத்தை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வந்துடறேன்."

யும்னாவின் போன் அடித்தது. ஹியாம்.

மேசையில் யாரும் அசையவில்லை. நான் சொல்லப் போகும் ஒரு வார்த்தையில் இந்த மனிதர் திங்கட்கிழமை பனியில் இருப்பார், என்று யும்னா நினைத்தாள். பொய் சொல்லலாம். பொய்யை வரிசைப்படுத்த அவளுக்கு வராது.

"மோதிரம் கிடைச்சிடுச்சு," என்றாள். "அப்பா பாக்கெட்டுலயேதான் இருக்கு. உங்க விரலுக்கு அளவு பண்ணியிருக்கார். உங்களுக்குப் பரிசா."

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப பொம்பளை யாரும் இல்லையா?"

"இருக்காங்க."

"யாரு? எப்படிப்பட்டவ?"

யும்னா பேர் சொல்ல வாயெடுத்தாள். வேறொன்று வந்தது.

"காப்பியைப் பாகா காய்ச்சணும். ஆரஞ்சுப்பூத் தண்ணி விடணும்."

அலை ஒன்று வந்து மேடையை நனைத்துவிட்டுப் போனது. உம் மிலாத் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சனிக்கிழமை," என்றாள் ஹியாம், மிக மெதுவாக. "ஹரிசா… கன்னி மரியே! அந்தப் பாகை எங்கப்பா குடிக்கறாரா?"

"குடிக்கறார்."

"முகம் சுளிக்காம?"

யும்னா பார்த்தாள். கலவரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பெரியவர் தம் கோப்பையில் மீதியிருந்ததை ஒரே வாயில் விழுங்கினார். நெற்றி, கன்னம், மீசை எல்லாம் சுருங்கின. பிறகு கோப்பையை ரக்வே பக்கம் நீட்டினார். உம் மிலாத் கண்ணைத் திறக்காமலே ஊற்றினாள்.

"நல்லா சுளிக்கறார். ஆனா இன்னொரு கோப்பை கேக்கறார்."

ஹியாம் தும்மினாளா, அழுதாளா, சிரித்தாளா என்பது போனில் தெரியவில்லை.

"எங்கம்மா காலத்துல ஒரு கரண்டி போட்டதுக்கே சண்டை பிடிச்ச மனுஷன்," என்றாள் கடைசியில். மூக்கை உறிஞ்சினாள். "நஸ்ரிகிட்ட நான் பேசிக்கறேன். நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொல்லுங்க. ஒரே ஒரு கண்டிஷன்."

"என்ன?"

"ரக்வேயை அவங்களே கொண்டு வரணும்."

திரும்பும் பஸ்ஸில் கடல் வலப்புறமும் மலை இடப்புறமும் மாறியிருந்தன. ஹிராயர் சொன்ன சொல் தவறவில்லை. அவன் அம்மா யும்னாவுக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டு, பையன் சின்ன வயதில் எப்படி அழகாகத் தூங்குவான் என்று விவரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை பின்னாலிருந்து நக்லே கிசுகிசுத்தான்: "பல்லைக் காட்டாதீங்க தலைவி. அதுதான் உங்க பலம்."

ஜூனியே வந்தபோது ஹரிசாவின் மேல் விளக்கு ஏற்றியிருந்தார்கள். முன்வரிசையில் இப்போது இடது ஜன்னலோரம், அபூ நஸ்ரிக்குப் பக்கத்தில், உம் மிலாத் உட்கார்ந்திருந்தாள். கை உயர்ந்து திரையைப் பிடித்தது. ஒரு கணம் தயங்கியது.

பிறகு அதை முழுக்கத் தள்ளிவிட்டு, மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்: ஒன்று இன்றைக்கு, இன்னும் பல போன சனிக்கிழமைகளுக்கு. விரலில் இருந்த வளையத்தில் இன்னும் கொஞ்சம் காப்பி மண்டி ஒட்டியிருந்தது.